காருக்குக் கட்டிய அறை

எங்கள் அத்தானைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சாவி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரே ஒரு சாவி தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பேச்சு எங்கோ போய்க்கொண்டிருக்கும், கை மட்டும் தானாகப் போய்ச் சட்டைக்கு மேல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். பீரோ நிறைய நகை வைத்திருப்பவன்கூட அப்படித் தொட்டுப் பார்க்கமாட்டான். அந்தச் சாவி திறக்கும் பூட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு கார். அதுவும் இவருடையதில்லை.

நான் கார் சீட் தைக்கிறவன். நாற்பது வருஷமாக அதுதான் தொழில். எனக்குக் கார் என்றால் தோல், பஞ்சு, நூல், அவ்வளவுதான். மேலே எந்த மகராசன் உட்காருகிறான் என்பது என் கவலையில்லை. ஆனால் போன மாதம் பேப்பரில் ஒரு படம் வந்ததே, முப்பத்தொரு வருஷம் இருட்டறையில் கிடந்து வெளியே வந்த இத்தாலிக் கார் என்று, கருநீலத்தில் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு, அந்தக் காரைப் பற்றி நான் பேசித்தான் ஆகவேண்டும். படத்துக்குக் கீழே 'அதிசயமாகப் பாதுகாக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். யார் பாதுகாத்தார், எதைக் கொடுத்துப் பாதுகாத்தார் என்று எழுதவில்லை. பேப்பர்காரனுக்கு எப்படித் தெரியும்?

அத்தான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். பதினாலு வயசில் லாரியில் கிளீனராகச் சேர்ந்தவர். ஒருநாள் டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். "நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்திருக்கிறான். பின்னால் இன்னொரு லாரிக்காரன் வழி கேட்டு ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான், விடாமல் அடிக்கிறான். பையனுக்குப் பதற்றம். சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டையை எடுத்துவிட்டார். டிரைவருக்கு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். அதுதான் இவரை முடித்துவிட்டது என்று அக்கா சொல்வாள்.

அன்றிலிருந்து யாராவது சொல்லாமல் எதையும் நகர்த்தமாட்டார். வண்டியை மட்டுமில்லை, வீட்டில் ஸ்டூலைக்கூட. வழியில் வாளி கிடந்தால் தாண்டிப் போவாரே தவிர எடுத்து ஓரமாக வைக்கமாட்டார். கல்யாணமான புதிதில் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எள்ளுன்னா எண்ணெயா நிப்பாரு. எள்ளுன்னு சொல்லலைன்னா நின்ன இடத்துலயே நிப்பாரு" என்பாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

முதலாளி அட்டைப்பெட்டி ஆலை வைத்திருந்தவர். இளவயசில் வெளிநாட்டிலிருந்து அந்தக் காரைத் தருவித்தாராம். இரண்டே சீட்டு. உடம்பு முழுக்க அலுமினியம், கையால் தட்டித் தட்டிச் செய்தது. மொத்தமே நாற்பது வண்டிதான் செய்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. அத்தான் அவரிடம் வண்டி துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் இருந்தார். முதலாளிக்கு இதயம் கெட்டுப்போய், பிள்ளைகளோடு வெளிநாட்டுக்கே போய்விடுவதென்று முடிவானபோது, பெரிய வீட்டைப் பூட்டினார். பின்பக்கம் காருக்கென்று ஓர் அறை கட்டினார். இரட்டைச் சுவர், தரையை இரண்டடி உயர்த்தி அடியில் கரியும் மணலும் கொட்டிய தளம், காற்று நுழையாத கதவு, எப்போதும் எரியும் ஒரு சூடேற்றி. சுவரில் ஒரு வட்ட மீட்டர். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அதன் முள் காட்டும். ஐம்பதைத் தாண்டக் கூடாது. அலுமினியமும் தோலும் அதற்கு மேல் தாங்காது.

கூடவே ஒரு தாள் கொடுத்தார், டைப் அடித்தது, இருபத்திரண்டு கட்டளை. காலையும் மாலையும் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். சீட்டுக்கு மாதம் ஒருமுறை மெழுகு. அறைக்குள் யாரும் அரைமணிக்கு மேல் இருக்கக் கூடாது, ஏனென்றால் மனுஷன் மூச்சு ஈரம். கடைசிக் கட்டளையை மட்டும் தன் கையாலேயே எழுதியிருந்தார். நான் சொல்லாமல் வண்டி இந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது.

அந்த அறையை ஒட்டி, தண்ணீர்த் தொட்டிக்கும் அதற்கும் நடுவே, இன்னோர் அறை. அதில்தான் அத்தான், அக்கா, அவர்கள் மகள். தொட்டி கசிந்து ஒரு பக்கச் சுவர் வருஷம் முழுக்க வியர்க்கும். சுவரோரம் வைத்த துணிப்பெட்டியில் பூஞ்சை பூக்கும். அக்கா மாதம் ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பாள், பத்து நாளில் உப்பி உதிர்ந்துவிடும். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது.

மகளை நான் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவேன். கறுத்து மெலிந்து, கோபம் வந்தால் கடித்துவிடுவாள். வாய் ஓயாது. முதலாளி போகும்போது அவளுக்கு ஆறு வயசு. சுவரில் காது வைத்து, "மாமா, உள்ள கார் தூங்குது, சத்தம் போடாதே" என்று என்னை மிரட்டுவாள். ஏழு வயசிலிருந்து இழைப்பு வர ஆரம்பித்தது. மழை தொடங்கினால் போதும், நெஞ்சுக்கூடு மேலும் கீழும் போகும், உதடு நீலம் பாரிக்கும். அத்தான்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். பஸ்ஸுக்குக் காத்திருக்கமாட்டார். பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார், அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

எட்டு வயசில் அந்த மழை வந்தது. பதினேழு நாள் விடாத மழை. டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு அக்காவிடம் நேராகவே சொன்னார், மருந்தால் ஆகிறது பாதிதான், அந்த ஈர அறையிலிருந்து எடுத்தால் பிள்ளை பிழைக்கும், இல்லாவிட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று. எங்கே எடுப்பது? பெரிய வீட்டுச் சாவி ஆலை ஆபீசில், முதலாளி சொல்லாமல் தரமாட்டார்கள். தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இடமில்லை, வாடகைக்கு ஒரு மூலைகூட எங்கும் இல்லை. நான் அப்போது பட்டறைப் பரணில் இன்னும் நாலு பேரோடு பஞ்சுத் தூசியிலும் பசை நாற்றத்திலும் படுத்திருந்தேன். ஒரு ராத்திரி அவளை அங்கே கூட்டி வந்து பார்த்தோம். விடிவதற்குள் மூச்சு இன்னும் மோசமாகி, திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மறுநாள் சாயங்காலம் அத்தான் தானாகவே ஒரு காரியம் செய்தார். மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் அறையில், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த முழ அகலத்தில், பாய் விரித்துப் படுக்கவைத்தார். கால்மணி நேரத்தில் இழைப்பு அடங்கியது. பிள்ளை ஒரு வாரத்துக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். அக்கா கதவருகில் நின்று அதைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். ஆனால் அவர் மீட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணியில் முள் ஐம்பத்து மூன்றுக்குப் போனது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தூக்கிக்கொண்டு பழைய அறைக்கே திரும்பினார். அழுதுகொண்டேதான் தூக்கி வந்தார். அழுதார் என்பதையும் எழுதிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான்.

அக்கா அப்போதுதான் கேட்டாள். "வண்டிய வெளிய தள்ளிட்டுப் பிள்ளைய உள்ள போடுங்க. மேல தார்ப்பாய் போட்டு மூடிக்கலாம். மழை விட்டதும் திரும்பத் தள்ளி வச்சுடலாம்."

"அது கட்டை மேல ஏத்தி வச்சிருக்கு. இறக்க மிஷின் வேணும், நாலு தெரிஞ்ச ஆள் வேணும். சும்மா தள்ளினா அச்சு முறிஞ்சிடும்" என்றார் அத்தான்.

முதலாளிக்குக் கடிதம் எழுதியிருப்பதாகவும், ஆள் அனுப்பச் சொல்லி அனுமதி கேட்டிருப்பதாகவும் சொன்னார். எழுதியது நிஜம்தான், தபாலில் சேர்த்தவனே நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியிடம் கேள்வியே போய்ச் சேரவில்லை. கடிதங்களெல்லாம் ஆலை ஆபீசில் ஒரு குமாஸ்தாவிடம் போகும், அவர் கட்டி அனுப்புவார்.

நான் பட்டறையிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தான் கதவுக்கு முன்னால் மழையில் நின்றார். "மாப்பிள்ளை, உடைஞ்சா யாராலயும் சரி பண்ண முடியாது. பதில் வரட்டும்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிடப் பதினாலு வயசு மூத்தவர், கும்பிடுகிறார். நான் திரும்பிவிட்டேன். ஒரு பூட்டு, ஒரு சுத்தியல், அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். நான் கார் கடையில் வளர்ந்தவன். கட்டைமேல் நிற்கிற ஒரு சின்னக் காரை இறக்க ஒரு ஜாக்கியும் ஓர் ஆளும் போதாதா என்று எனக்குத் தோன்றாமலா இருந்தது? தோன்றியது. ஆனால் இத்தாலிக்காரன் வண்டி, நமக்குத் தெரியாத ஏதோ இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு வருஷத்தில் நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

நாலாவது நாள் காலை பத்து மணிக்குக் கட்டெறும்பு போய்விட்டாள். அடக்கம் செய்யும்போதும் மழை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, வண்டி நல்ல நிலையில் இருப்பதறிந்து மகிழ்ச்சி, தொடர்ந்து கவனித்து வரவும். மாதாமாதம் வருகிற அதே வாசகம்தான், தேதி மட்டும் வேறு. யாரும் கடிதத்தைப் பிரித்தே படிக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. அத்தான் தாளை வாங்கி மடித்து மற்றப் பதில்களோடு கோப்பில் வைத்தார்.

நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன், கிட்டத்தட்ட ஆறு வருஷம். அக்காதான் சண்டைக்கு வந்தாள். "அவர் என்னடா பண்ணுவார்? நகராத வண்டி. அச்சு முறிஞ்சா அது வேற பழி வந்திருக்கும். கேக்க வேண்டிய இடத்துல கேட்டாரு, அவன் பதில் போடல. அவரும் பெத்தவர்தானே" என்பாள். என்னிடம் மட்டுமில்லை. அக்கம்பக்கத்தில் யார் ஜாடையாகப் பேசினாலும் போய் நின்று இதையே சொல்வாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், இவள் இந்த ஒரு பேச்சை வைத்து மூடியே விட்டாள். அவள் அவரோடு குடித்தனம் நடத்தியது அந்த ஒரு நம்பிக்கைமேல் நின்றுதான். அந்த வண்டி நகர்ந்திருக்க முடியாது, ஆகவே யாரும் அவள் பிள்ளையைக் கொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு சமைத்தாள், துவைத்தாள், அவருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை.

முதலாளி வெளிநாட்டிலேயே இறந்து இருபது வருஷம் ஆகிறது. சம்பளம் ஆபீசிலிருந்து வந்துகொண்டே இருந்தது, பதிலும் வந்துகொண்டே இருந்தது. போன மாதம் பேரன் வந்தான். நல்ல பையன், முப்பது வயசிருக்கும், மரியாதையாகப் பேசினான். வீட்டை இடிக்கப்போகிறார்களாம். சொத்துப் பட்டியலில் 'பழைய வண்டி ஒன்று' என்று இருந்ததைக் கண்டு, என்ன ஏது என்று கேட்க ஒரு நிபுணரோடு வந்திருக்கிறான். தாத்தாவுக்கு இப்படி ஒரு கார் இருந்ததே வீட்டில் யாருக்கும் நினைவில்லை, அதை வெளியே நிறுத்தினார்களா உள்ளே நிறுத்தினார்களா என்று கேட்கக்கூட அங்கே ஆளில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோலைப் பார்த்துச் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், அதனால்தான் நான் அங்கே இருந்தேன்.

நிபுணர் கையில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு காரை மூன்று தரம் சுற்றினார். அப்புறம் அத்தானுடைய நோட்டுகளைக் கேட்டார். முப்பத்தொரு நோட்டு. ஒவ்வொன்றாகக் கடைசி வரை புரட்டினார். "ஒரு நாள்கூட விட்டுப்போகல. உலகத்துல எந்தக் காருக்கும் இப்படி ஒரு பதிவு கிடையாதுங்க" என்றார். நான் இரண்டாவது நோட்டை எடுத்தேன். தேதி எனக்கு மறக்காது. அத்தானுடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. காலை 47. மாலை 48. மழை. அடக்கம் முடிந்து வந்து ஈரத் துணியோடு நின்று எழுதியிருக்கிறார். நோட்டை மூடி வைத்துவிட்டேன். அக்காவிடம் காட்டவில்லை.

வண்டியை வெளியே எடுக்க மறுநாள் லாரி வந்தது. கூடவே கம்பி போட்டு இழுக்கும் மிஷின், ஆறு ஆட்கள், உருளைகள், பெல்ட்டுகள். முப்பத்தொரு வருஷம் கட்டைமேல் நின்றது, சக்கரம் இறுகியிருக்கும், மெதுவாகத்தான் செய்ய வேண்டும், அரைநாள் ஆகும் என்று நிபுணர் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்து அறை வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் வேணாங்க" என்றார் அத்தான்.

பேரனைப் பார்த்து, வெளியே எடுக்கலாமா என்று கேட்டார். எடுங்க என்று அவன் சொன்னான். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மூலையிலிருந்து ஜாக்கியை எடுத்தார். முன்னால் இடது, பின்னால் வலது, முன்னால் வலது, பின்னால் இடது. ஒவ்வொரு கட்டையும் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வந்தது. அறுபத்தொன்பது வயசு மனுஷன், மூச்சு வாங்கவில்லை. கார் தரையில் இறங்கி நின்றது. கதவை அகலத் திறந்துவைத்து, வாசல் படிக்கு இரண்டு பலகை போட்டார். பக்கவாட்டில் நின்று ஒரு கையை ஸ்டியரிங்கிலும் ஒரு கையைக் கதவுத் தூணிலும் வைத்துத் தள்ளினார். சத்தமே இல்லாமல் உருண்டு பலகையில் இறங்கி வெயிலுக்கு வந்துவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜாக்கியைத் தொட்டதிலிருந்து பதினோரு நிமிஷம்.

ஆறு ஆட்களும் கைதட்டினார்கள். பேரன் போனை எடுத்துப் படம் பிடித்தான். அந்தக் கருநீலம் வெயிலில் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், நானும் ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அக்கா எழுந்து வந்தாள். காரைப் பார்க்கவில்லை. காலியாகிவிட்ட அறைக்குள் போய் நடுவில் நின்றாள். அந்த அறையில் ஒரு குடும்பம் படுக்கலாம், காரோடு பார்த்ததால் அது இதுவரை தெரியவில்லை. சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஒத்தையா நகர்த்த உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

அத்தான் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்கு முதலில் புரியவில்லை என்றே நினைக்கிறேன். "மொதல்ல இருந்தே" என்றார். "ஆறு மாசத்துக்கு ஒரு தரம் இறக்கி, முன்ன ஒரு அடி பின்ன ஒரு அடி உருட்டணும். சக்கரம் இறுகிடக் கூடாதுல்ல. தாள்ல எழுதியிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. அக்கா திரும்பி நடந்தாள். போய்ப் பாத்திரங்களைக் கழுவி முடித்தாள், கவிழ்த்து வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "தம்பி, உன் வீட்டுல எனக்கு இடம் இருக்குமா?" என்றாள். இருக்குக்கா என்றேன். ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டாள். பேரன் அத்தானைக் கார் பக்கத்தில் நிற்கச் சொல்லி, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவரும் நகர்ந்து நகர்ந்து நின்றார். கண் எங்கள்மேல்தான் இருந்தது.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழிவரை அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் எனக்குத் தேற்றத் தெரிந்திருக்கும். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அச்சு முறிஞ்சிடும்னு எல்லார்கிட்டயும் நான்தானேடா சொன்னேன்" என்றாள்.